சாளைக்கு ஒரு துப்பாக்கி

சுப்பாத்தாள் துப்பாக்கி வாங்கக் கோயமுத்தூர் போன அன்றைக்கு மகன் தரணீதரனும் கூடப் போனான். ஆசையாக வாங்கிக் கொடுக்கப் போனான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடை வாசல் வரைக்கும் போயாவது அம்மாவின் மனசைத் திருப்பிவிடலாம் என்ற நப்பாசையில் போனான். பல்லடம் தாண்டியதிலிருந்து சூலூர் வரும் வரை வாய் ஓயாமல் பேசினான். சுப்பாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யார் தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது, யார் தோட்டத்தைப் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள் என்று பார்த்தபடி வந்தாள்.

"நா பேசறது காதுல உளுகுதுங்களாம்மா?"

"உளுகுது கண்ணு. நீ பேசு. ரோட்டையும் பாத்து ஓட்டு."

தரணீதரனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' மட்டும் போகாது. "உங்கள மாதிரி அடம் புடிக்கற மனுசிய நா எங்கியும் பாத்ததில்லீங்க" என்று மரியாதையாகத் திட்டிவிட்டு, முன்னால் போன பஸ்ஸைப் பார்த்து ஹாரனை அழுத்தினான்.

அடம்தான். அதை யாரும் மறுக்க முடியாது. பொங்கலூருக்குத் தெற்கே தார் ரோட்டை விட்டு இறங்கி, ரெண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரி என்கிற மண்பாதையில் உள்ளே போனால் சுப்பாத்தாளின் சாளை வரும். தோட்டத்து நடுவில் கட்டிய வீட்டுக்கு அங்கே சாளை என்று பெயர். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே முழுசாக ஒரு தோட்டம் கிடக்கும். இங்கே கத்தினால் அங்கே கேட்காது. கணவர் சுப்பண்ணன் மாரடைப்பில் போனபோது தரணீதரன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். துக்கம் கேட்க வந்த ஒறம்பரை சொந்தங்களில் பாதிப் பேர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்குப் போகச் சொன்னார்கள். மீதிப் பேர் அதையே சுற்றி வளைத்துச் சொன்னார்கள். சுப்பாத்தாள் எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மோட்டார் ரூமுக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டுத் தென்னைக்குத் தண்ணீர் கட்டினாள்.

இன்னொரு சமயம், எவனோ ஒருவன் சாயப்பட்டறைக் கழிவை டேங்கர் லாரியில் கொண்டுவந்து பக்கத்துப் பள்ளத்தில் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். கிணற்றுத் தண்ணீர் ஊதா நிறத்தில் வர ஆரம்பித்தது. சுப்பாத்தாள் இட்டேரி நடுவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான். "ஏத்திப்போட்டுப் போ சாமி" என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் புரண்டு படுத்தாள். போலீஸ் வந்து லாரியை ஓட்டிக்கொண்டு போன பிறகுதான் கட்டிலைத் தூக்கினாள்.

தரணீதரன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆரம்பித்தபோது, மாட்டுக்கொட்டகையை ஒட்டி அவளும் ஒரு ஷெட் போட்டு ஓவர்லாக் தையல் மெஷின்களை இறக்கினாள். குழந்தைகள் போடும் பனியன்களுக்கு அங்கேதான் கையை மூட்டித் தைப்பார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் வருவார்கள், ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த ஆஷா என்ற பெண்ணும் வருவாள். பொழுது சாய்ந்தால் கம்பெனி வேன் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் சாளையில் சுப்பாத்தாளும் ரெண்டு எருமையும் ஜிம்மி என்ற செவலை நாயும்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், சில தோட்டங்கள் தள்ளி அந்தக் கொடுமை நடந்தது. வயசான புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் எவனோ அடித்துக் கொன்றுபோட்டு, கழுத்தில் காதில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சுப்பாத்தாளுக்கு நன்றாகப் பழகியவர்கள். கல்யாணம் காட்சி என்றால் அந்த அம்மாவின் பக்கத்தில்தான் பந்தியில் உட்காருவாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து வாய்விட்டு அழுதாள். பயந்தும்தான் போனாள், அதை மறைக்க வேண்டியதில்லை. கொஞ்ச காலம் தலைமாட்டில் கடப்பாரையை வைத்துக்கொண்டுதான் படுத்தாள். யார் செய்தது என்று தெரிவதற்கு முன்பே ஊரில் வடக்கத்திப் பசங்களைக் கைகாட்டினார்கள். ஷெட்டில் ஆஷாவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுப்பாத்தாள் அன்றைக்கு ஆஷாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிட்டாள்.

தரணீதரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஆறாவது மாடியில் அவனுக்கு ஃப்ளாட். கீழே வாட்ச்மேன், லிஃப்டில் கேமரா, அம்மாவுக்கென்று ஒரு ரூமைப் பெயின்ட் அடித்துத் தயாராக வைத்திருந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, சாளையைப் பூட்டித் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவது அவன் திட்டம். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கடைசியில், குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தான்.

ஒரு முடிவுக்கு வர முடியாத குடும்பங்கள் அந்தப் பக்கம் செய்கிற காரியம்தான் இது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ரெண்டையும் வித்தியாசம் தெரியாமல் இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒன்றுமறியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் தீர்ப்பு. தரணீதரன் அம்மாவையும் பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு செல்லாண்டியம்மன் கோயிலுக்குப் போனான். வெள்ளை வந்தால் அம்மா சாளையிலேயே இருக்கலாம், சிவப்பு வந்தால் டவுனுக்கு வந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவனே சொன்னான். சாமி கும்பிட வந்திருந்த யாரோ ஒருவருடைய குட்டிப் பெண் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி.

அந்த இடத்தில் அவன் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"சரிங்க, சாமி சொல்லிப்போட்டா. ஆனாலும் வெறுங்கையோட அங்க இருக்க நா உட மாட்டேனுங்க. கையில துப்பாக்கி வெச்சிருந்தாங்கன்னா இருந்துக்கட்டும். இல்லீன்னா என்ற கூட வந்தரோணும்."

சாமி சந்நிதியில், பங்காளிகள் நடுவில் இப்படி ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். கோயிலில் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே கிடையாது. அறுபதை நெருங்குகிற பொம்பளைக்கு எந்தக் கலெக்டர் துப்பாக்கி லைசன்ஸ் தரப்போகிறார் என்ற தைரியம் அவனுக்கு. சுப்பாத்தாள் திருநீற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எல்லாருங் கேட்டுக்கிட்டீங்களல்லங்க?" என்று பங்காளிகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வெளியே வந்து செருப்பைப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. தாசில்தார் ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடையாக நடந்தாள். விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர், "ஏம்மா, உனக்கெதுக்கும்மா இந்த வேலை?" என்றார். சுப்பாத்தாள் அவரைக் களத்து மேட்டில் நிறுத்தி, சுற்றி எத்தனை வீடு தெரிகிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னாள். அவர் ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்று சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். கோயமுத்தூர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, சின்னப் பையன்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டாள். ஆபீஸ்காரர்களுக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் லைசன்ஸ் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, கொடுத்துவிட்டார்கள்.

கோயமுத்தூரில் துப்பாக்கிக் கடைக்காரர் வேல்குமார் முதலில் பாயின்ட் முப்பத்திரண்டு ரிவால்வர் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். இந்த ஊரில் லைசன்ஸ் வாங்கும் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வாங்குவார்கள். சுப்பாத்தாள் கையில் வாங்கிப் பார்த்தாள். தரணீதரன், "இதே போதுமுங்க, பில்லப் போடுங்க" என்றான். அம்மாவைத் தடுக்க முடியாது என்றான பிறகு, கிடைப்பதில் சின்னதாக வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பார்த்தான்.

சுப்பாத்தாளின் கண் கண்ணாடி அலமாரிக்குள் போனது. அங்கே குட்டையாக, சாம்பல் பூத்த நிறத்தில் இன்னொன்று இருந்தது. குழல் மட்டும் அகலம்.

"அது என்னங்க?"

"அது பாயின்ட் ஃபார்ட்டி ஃபோருங்க. ஊட்டில எஸ்டேட்காரர் ஒருத்தரு வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தது. விக்கச் சொல்லி வெச்சிருக்காரு. உங்களுக்கு வேண்டாம்மா."

வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டால் சுப்பாத்தாளுக்குக் காது நிமிர்ந்துவிடும். எடுக்கச் சொன்னாள். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். முப்பத்திரண்டை விடவும் லேசு. ஆனால் குண்டு போகிற ஓட்டைக்குள் அவள் சுண்டுவிரல் நுனி நுழைந்தது.

"இத்தன பெரிய வாயி, இத்தன லேசா இருக்குது?"

"அங்கதான் வில்லங்கமே" என்றார் வேல்குமார். "கனமான துப்பாக்கின்னா சுடறப்போ ஒதையில பாதிய அதுவே தாங்கிக்கும். இதோட ஒடம்பு அத்தனையும் லேசான உலோகம். தாங்காது, மொத்தத்தையும் கைக்குத்தான் குடுக்கும். எஸ்டேட்காரரு ஆறடி ஆளு. ரெண்டு தடவ சுட்டுட்டுப் பீரோவுல வெச்சவருதான், அப்பறம் எடுக்கவே இல்ல."

தரணீதரனுக்கு உயிர் வந்தது. "கேட்டீங்களாம்மா? கையே ஒடைஞ்சு போயிருமாங்க."

சுப்பாத்தாள் அவனைக் கவனிக்கவில்லை. "சத்தம் எப்படிங்க?" என்று கேட்டாள்.

"முப்பத்திரண்டு வெச்சா பட்டாசு. இது வெச்சா ரெண்டு தோட்டத்துக்கு அக்கட்டால இருக்கறவன் எந்திரிச்சு உக்காருவான்."

"இதவே குடுங்க."

"அம்மா" என்று தரணீதரன் பல்லைக் கடித்தான்.

"இங்க பாரு கண்ணு. மாட்டுக்குச் சோளத்தட்டு போடறப்போ, களத்துல காய் பொறுக்கறப்போ, தண்ணி கட்டறப்போ, எப்பவும் என்ற மடியில இருக்கோணும். கனமா இருந்தா ரெண்டு நாள் சொமப்பேன், மூணாவது நாள் பீரோவுல வெச்சுப்போடுவேன். வாரவன் நா பீரோவத் தெறக்கற வரைக்கும் நிப்பானா? அதுக்குத்தான் லேசு. வந்தவன் பயந்து ஓடோணும், அக்கம்பக்கத்துல கேக்கோணும். அதுக்குத்தான் பெருசு."

"கை ஒடைஞ்சா?"

"எருமை ஒதைச்சே ஒடையாத கை."

வேல்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் புத்தகத்தை எடுத்தார். தேங்காய் விற்ற காசைச் சுப்பாத்தாள் பேங்கில் சேர்த்து வைத்திருந்தாள். மகனிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

லைசன்ஸில் துப்பாக்கியைப் பதிந்து முடித்த பிறகு, சுட்டுப் பார்க்க ரைஃபிள் கிளப்புக்குப் போனார்கள். அங்கே கற்றுக்கொடுக்கிற நஞ்சப்பன் போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். துப்பாக்கியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். முதல் குண்டை அவரே போட்டுப் பார்த்தார். காதில் மாட்டியிருந்த அடைப்பானையும் தாண்டி, தகரக் கூரை அதிர்ந்த சத்தம் தரணீதரனுக்குக் கேட்டது. நஞ்சப்பன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு சுட்டுப் பாத்துட்டு வெச்சிருங்கம்மா. போதும்."

சுப்பாத்தாள் மறுபடி நிரப்பி அஞ்சு குண்டையும் போட்டாள். அந்தத் துப்பாக்கியில் அஞ்சுதான் பிடிக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடித்து, எதிரே ஆள் உருவம் போட்டிருந்த அட்டையைப் பார்த்து அழுத்தினாள்.

துப்பாக்கி மேலே துள்ளி அவள் நெற்றிக்கு வந்தது. குண்டு அட்டைக்கு ரொம்ப மேலே மண்மேட்டில் போய்ப் புதைந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அடிபட்டது அவளுக்குத்தான், ஐயோ என்று கத்தியது தரணீதரன்.

"போதுங்கம்மா. வெச்சிருங்க. சாமி சத்தியமா நா இனி ஒண்ணும் பேசலீங்க, வெச்சிருங்க."

அவன் கெட்டவன் இல்லை. அம்மா என்றால் அவனுக்கு உயிர். கொலை நடந்த தோட்டத்தில் அந்த ரெண்டு பேரையும் கிடத்தியிருந்ததைப் பார்த்ததிலிருந்து, ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தான். அதைப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அதிகாரமாகப் பேசிக்கொண்டிருந்தான். சுப்பாத்தாளுக்கு அது தெரியாமல் இல்லை.

அவள் பைக்குள்ளிருந்து பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டு எடுத்தாள். ஷெட்டில் மிஞ்சுகிற கிழிசல் துணி எப்போதும் அவள் பையில் கிடக்கும். கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பல்லால் முடிச்சை இறுக்கினாள்.

நஞ்சப்பன் பக்கத்தில் வந்தார். "இன்னுங் கொஞ்சம் மேல ஏத்திப் புடிங்கம்மா. அப்பறம், அது ஒதைக்கறப்போ எதுத்து நிக்காதீங்க. ஒதையோட சேந்து கையையும் மேல உடுங்க."

"அந்த எதுத்து நிக்காம இருக்கறது மட்டும் எனக்கு வராதுங்க" என்றாள் சுப்பாத்தாள். ஆனாலும் கையை ஏற்றிப் பிடித்தாள்.

ரெண்டாவதும் தவறியது. மூன்றாவது சுடும்போது பயத்தில் கண்ணை மூடிவிட்டாள், அது எங்கே போனது என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. நாலாவது அட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. தோள்பட்டை வரைக்கும் வலி ஏறியது. கொஞ்ச நேரம் துப்பாக்கியைக் கீழே பார்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நஞ்சப்பன் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அஞ்சாவது குண்டு அட்டை மனுசனின் தோளைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த ஓட்டையில் ஒரு எலுமிச்சம்பழம் நுழையும்.

"அஞ்சுல ஒண்ணுதானுங்கம்மா பட்டிருக்குது" என்றான் தரணீதரன், திரும்பி வரும்போது காரில்.

"வாரவனுக்கு எத்தன வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சுப்பாத்தாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஆஷா தடித்த கித்தானில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். இடுப்பில் சேலைக்குள் கட்டிக்கொள்கிற மாதிரி நாடா வைத்து, டபுள் ஸ்டிச் போட்டது. "அம்மா, சோர் வந்தா நான் மெஷின் கீழே. நீ பாத்துக்கோ" என்று, திருடனுக்கு மட்டும் தன் ஊர்ச் சொல்லைப் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். ஷெட் முழுக்கச் சிரித்தது. எல்லோரும் ஆஷாவோடு பழையபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். விஷயம் வாய்க்கு வாய் பரவியது. பால் எடுக்க வருகிறவர் இட்டேரி முனையிலேயே வண்டியை நிறுத்தி, "நாந்தானுங்க அம்மிணி, பால்காரனுங்க" என்று கத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆயுத பூஜைக்கு அரிவாள், மம்முட்டி, கத்தரிக்கோல் வரிசையில் துப்பாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கைக் காயம் ஆறிக் கெட்டித் தோலானது. நேரம் கிடைத்தபோதெல்லாம் கிளப்புக்குப் போய் ஒன்றிரண்டு சுட்டுவிட்டு வந்தாள். அஞ்சில் மூன்று பட ஆரம்பித்தது. மறுத்துப் பேசுவதற்குத் தரணீதரனே இடம் வைத்திருக்கவில்லை.

அப்போதுதான் தேர்தல் தேதியை அறிவித்தார்கள்.

தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வந்ததும் சுப்பாத்தாள் டிவிஎஸ் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் ஒரே கூட்டம். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள், தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதில் பாதி, தேர்தலுக்குத் தேர்தல் வெளிக்காற்றுப் படுகிறதைத் தவிர வேறு எதற்கும் வெளியே வராதவை. சுப்பாத்தாள் இடுப்புப் பையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். கான்ஸ்டபிள் அதில் சீட்டுக் கட்டி உள்ளே கொண்டுபோனார்.

வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் மகனுடைய கார் நிற்கிறது. பின் சீட்டில் மருமகள் கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சுப்பாத்தாளின் துணிப்பை. காரில் சாளைக்குப் போய், அவளை மட்டும் உள்ளே அனுப்பிப் பீரோவிலிருந்து சேலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே வந்துவிட்டான். அத்தையை நேராகப் பார்க்க மாட்டாமல் கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டாள்.

தரணீதரன் முன் கதவைத் திறந்து பிடித்தான். "வாங்கம்மா, போலாங்க."

"எங்க?"

"ஊட்டுக்குத்தானுங்க. கோயில்ல பேசின பேச்சுங்க. துப்பாக்கி இருந்தா இருக்கலாம்னு சொன்னதுதானுங்களே? இப்ப இல்லீங்க. எலெக்சன் முடியற வரைக்கும் நம்மூட்ல இருங்க. அப்பறம் பாத்துக்கலாங்க."

அந்த 'அப்பறம்' என்ற சொல்லைச் சுப்பாத்தாள் நன்றாகக் கவனித்தாள். சாளை ரெண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். எருமையை விற்பார்கள், தோப்பைக் குத்தகைக்குப் பேசுவார்கள். அப்புறம் திரும்பி வர ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வரிசையில் நின்ற பங்காளிகள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ராக்கையாவும் இருந்தார். சுப்பண்ணனுக்குச் சித்தப்பா முறை, சுப்பாத்தாளுக்கு மாமனார் முறை. பூக் கேட்ட அன்று கோயிலில் முன்னால் நின்றவர். தரணீதரன் அவரைத்தான் சாட்சிக்கு இழுத்தான். "நீங்களே சொல்லுங்க, நா பேசினது அப்படித்தானுங்களே?"

ராக்கையா சங்கடமாகத் தொண்டையைச் செருமினார். "பேச்சு அப்படித்தான் அம்மிணி. சாமி முன்னால பேசினதில்லியா."

சுப்பாத்தாள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். துப்பாக்கி இல்லாத இடுப்பு அவளுக்கே விசித்திரமாக இருந்தது. பயம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த அம்மாவின் முகம் வந்து போனது. காரின் திறந்த கதவைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

"ஏனுங்க மாமா, அன்னிக்கு என்ன பூ வந்துதுங்க?" என்று கேட்டாள்.

"வெள்ளைதான்."

"வெள்ள வந்தா என்னன்னு சொன்னாங்க?"

"நீ சாளையிலயே இருக்கலாம்னு."

"துப்பாக்கியோட இருன்னு சாமி சொன்னாளுங்களா?"

ராக்கையா கையிலிருந்த சாக்குச் சுருளைப் பார்த்தார், தரணீதரனைப் பார்த்தார். "இல்ல அம்மிணி. பூவு வந்ததுக்கு அப்பறம் இவன் சொன்னது அது."

சுப்பாத்தாள் மகன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"சாமி குடுத்தது வெள்ளப் பூவு. துப்பாக்கி நீ கேட்டது. சாமி குடுத்ததுல நா அங்க இருக்கறேன். நீ கேட்டதையும் ஆபீசு ஆபீசா நடந்து வாங்கி, கையக் கிழிச்சுக்கிட்டுச் சுட்டும் காமிச்சுப்போட்டேன். சாமி உத்தரவு குடுத்ததுக்கு மேல ஒரு கண்டிசன் போட நீ ஆரு கண்ணு?"

வரிசையில் யாரோ ஒருவர் பலமாக இருமினார். தரணீதரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப எதுக்குங்கம்மா வாங்கினீங்க அத?"

"உன்ற பயத்துக்குத்தான் கண்ணு வாங்கினேன். நீ நல்லாத் தூங்கோணும்னு. என்ற பயத்த நா பாத்துக்குவேன், அது எனக்குப் பழக்கமானதுதான்."

கதவைப் பிடித்திருந்த தரணீதரனின் கை அப்படியே இருந்தது. சுப்பாத்தாள் பின் கதவைத் திறந்து, கீர்த்தனாவின் மடியிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டாள். "நல்லா மடிச்சிருக்கற அம்மிணி" என்று மருமகளின் கன்னத்தைத் தொட்டாள். பையை மொபெட்டின் முன்னால் வைத்து, கால் ரெண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அப்படியும் உனக்குப் பயமா இருந்துதுன்னா, நீ வந்து இரு. சாளையில எடமா இல்ல?"

மொபெட் புகை விட்டுக்கொண்டு கிளம்பியது.

அன்று பொழுது இறங்கும் நேரம், வேன் ஆஷாவையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, சுப்பாத்தாள் எருமைகளுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இட்டேரி முனையில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஜிம்மி காதை விறைத்துக்கொண்டு பாய்ந்து ஓடியது. வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் தரணீதரன் நின்றான். ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் லேப்டாப் பை. ஆர்டர், ஷிப்மென்ட் என்று ஓடிக்கொண்டிருந்ததில் அவன் சாளைக்குள் வந்து தங்கி வருஷக்கணக்காகிவிட்டது. எப்போது வந்தாலும் ஷெட் வரைக்கும் காரிலேயே வந்து காரிலேயே போய்விடுவான். தலையணையோடு நடந்து வருகிற இந்த ஆள் யாரென்று நாய்க்குத் தெரியவில்லை. படல் மேல் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு, அவனை ஒரு அடி எடுத்து வைக்க விடாமல் குரைத்தது.

"அம்மா, இதக் கூப்பிடுங்கம்மா" என்று அவன் அங்கிருந்து கத்தினான்.

சுப்பாத்தாள் கையிலிருந்த சோளத்தட்டைப் போட்டு முடித்தாள். தொட்டியில் கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துப்பாக்கி இல்லாவிட்டாலும் சாளைக்குக் காவல் இருக்கிறது என்று தெரியட்டும், நாய் நன்றாகக் குரைக்கட்டும் என்று விட்டிருந்தாள். அது குரைப்பது அவளுக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. பிறகு மெதுவாக நடந்து போய்ப் படலைத் திறந்தாள்.

"உடு ஜிம்மி, நம்ம பையந்தான். பயந்துக்கிட்டு வந்திருக்கறான்."